வலது கண் தூரத்துக்கு, இடது கண் கிட்டத்துக்கு

அச்சகத்தில் கலர் பார்க்கிறவன் வாயில்லாமல்கூடப் பிழைத்துக்கொள்வான். கண்ணில்லாமல் ஒரு தாளும் ஓட்ட முடியாது. சிவகாசியில் காலண்டர் அடிக்கும் கம்பெனி ஒன்றில் நான் பார்த்தது அந்த வேலை. நாற்பதைத் தாண்டி வெள்ளெழுத்து வந்து, செல்போனைக் கை நீளும் மட்டும் தள்ளிப்பிடித்து நம்பர் தேடுகிற அன்பர்களே, நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

உருளைக்குள் போன கண்ணாடி

எங்கள் நாலு கலர் மிஷின் ஓடும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே காதில் விழாது. அதனால் எங்களுக்குள் ஒரு கைப்பாஷை உண்டு. கன்னத்தைத் தொட்டால் மஞ்சள், நெற்றியைத் தொட்டால் சிவப்பு, தலைமுடியைத் தொட்டால் கறுப்பு, வானத்தைக் காட்டினால் நீலம். மிஷினின் அந்தக் கோடியில் நிற்கும் ரத்தினம் எதைத் தொடுகிறானோ அந்த மையை நான் இந்தக் கோடியில் கூட்ட வேண்டும். கிட்டத்தில் தாளைப் பார்க்கணும், தூரத்தில் ரத்தினத்தைப் பார்க்கணும். எனக்கு வாலிபத்திலேயே தூரப் பார்வை மட்டு. வெள்ளெழுத்தும் சேர்ந்துகொண்டதும் மேல் பாதி தூரத்துக்கு, கீழ்ப் பாதி கிட்டத்துக்கு என்று ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். அதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கத் தலையாட்டி பொம்மையாக நின்றேன்.

ஒருநாள் ரத்தினம் கன்னத்தைத் தொட்டான். நான் குனிந்த வாக்கில் நிமிர்ந்ததில் கண்ணாடியின் கீழ்ப் பாதி வழியாக அது நெற்றியாகத் தெரிந்தது. சிவப்பைக் கூட்டினேன். தாளில் இருந்த லட்சுமியின் முகம் வெயிலில் நின்றவள் முகமாகிவிட்டது. பதறிப்போய் மறுபடி குனிந்தேன். வியர்வையில் மூக்கிலிருந்து வழுக்கிய கண்ணாடி நேரே உருளைக்குள் போய் நொறுங்கியது. மிஷினை நிறுத்தி, உருளைமேல் கிழிந்த ரப்பர் உறையை மாற்றி முடிக்க அன்றைய பொழுது போய்விட்டது. முதலாளி அண்ணாச்சி வந்து என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாந்தமாகத்தான் சொன்னார்:

"கண்ணாடி போனாப் போகுது பாய், கை போயிருந்தா? இந்த சீசனுக்குள்ள கண்ணுக்கு ஒரு வழி பண்ணுங்க. தோதுப்படலைன்னா பைண்டிங்ல போயி உக்காந்துக்கிடுங்க."

வீட்டில் கிடைத்த ஆறுதல்

பைண்டிங் ஒன்றும் கேவலமான வேலையில்லை. ஆனால் வெள்ளைத் தாள் உள்ளே போய் முருகனாக வெளியே வருவதைப் பார்த்துப் பழகியவனுக்கு, பிறகு காலமெல்லாம் காலண்டர் தலையில் தகரப் பட்டை அடித்துக்கொண்டு உட்கார மனசு வராது. மதுரைக்குப் போய்க் கண் டாக்டரிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் கண்ணுக்குள்ளேயே வைக்கிற கான்டாக்ட் லென்ஸ் கொடுத்தார். வலது கண்ணுக்குத் தூரம் தெரிகிற லென்ஸ், இடது கண்ணுக்குக் கிட்டம் தெரிகிற லென்ஸ். எந்தக் கண்ணை எப்போது நம்புவது என்று மூளையே பழகிக்கொள்ளும், கொஞ்ச நாள் பொறுங்கள் என்றார்.

என் மூளை சாவகாசமாகப் பழகியது. படியில்லாத இடத்தில் காலைத் தூக்கி வைத்தேன். விருதுநகரில் மாமனார் வீட்டு விருந்தில், சபை பார்த்திருக்க, தம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றினேன். மைத்துனர்மார் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். விஷயத்தை வீட்டுக்காரியிடம் விளக்கினேன். முந்தானையால் தண்ணீரைத் துடைத்தபடியே அவள் சொன்னாள்:

"ஆளுக்கொரு வேலைன்னு பிரிச்சுக் குடுத்துட்டா அதுக ரெண்டும் எப்பிடி மச்சான் ஒத்துமையா இருக்கும்?"

மண்டிக்காரர் பிடித்த திருட்டு

தீபாவளி முடிந்தால் பட்டாசுக்காரர்களுக்கு ஓய்வு, எங்களுக்குப் புதுவருஷக் காலண்டர் வேலையில் உயிர் போகும். ஆர்டர் கொடுத்தவர்கள் நேரிலேயே வந்து முதல் தாளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். அப்படி விருதுநகரிலிருந்து ஒரு பருப்பு மண்டிக்காரர் வந்திருந்தார். தாளைப் பார்க்கும்போது வலது கண்ணை மூடுவதும், ரத்தினத்தைப் பார்க்கும்போது இடது கண்ணை மூடுவதுமாக எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. மூடாதீர்கள் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். சீசன் அவசரத்தில் யார் கேட்டது?

மண்டிக்காரர் என் முகத்தைப் பார்த்தார், திரும்பி ரத்தினத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அவன் தலையைச் சொறிந்தான். மண்டியில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கிறவர் அவர். சாடை தெரியாதா? கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்:

"நீங்க கண்ணடிக்கீக, அவரு தலையத் தொடுதாரு. ரெண்டு பேருமாச் சேந்து சொத்தைச் சரக்க என் தலையில கட்டப் பாக்கீகளோ?"

முருகன் உதடு

அவரைச் சமாதானப்படுத்தி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாலு கலர்ப் புள்ளியும் ஒன்றோடொன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அதில்தான் தெரியும். கிட்டத்து வேலைதானே என்று இடது கண்ணில் வைத்தேன். முருகன் உதடெல்லாம் மசமசவென்று இருந்தது. நிறுத்தச் சொல்லி, தகடுகளை நகர்த்தி மறுபடி ஓட்டினோம். அப்போதும் அதே மசமசப்பு. முன்னால் அடித்ததே சரிதான் என்று ரத்தினம் சாதித்தான். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மிஷின் நிற்கிற சத்தம் முதலாளிக்கு மட்டும் எப்படியோ கேட்டுவிடும். அண்ணாச்சி வந்து என் பக்கத்தில் நின்றார். கண் ஏமாற்றிவிட்டது, இனி பைண்டிங்தான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கடைசியாக ஒரு தடவை என்று, முதலில் அடித்த தாளை எடுத்துக் குனிந்தேன். வருஷக்கணக்கான பழக்கத்தில் கை தானாகவே பூதக்கண்ணாடியை வலது கண்ணுக்குக் கொண்டுபோய்விட்டது. பார்த்தால், ஒவ்வொரு புள்ளியும் அதனதன் இடத்தில் கல் பதித்தாற்போல் உட்கார்ந்திருக்கிறது. பூதக்கண்ணாடி கிட்டத்துப் பொருளைத் தூரத்துக் கண்ணுக்கு எடுத்துக் கொடுக்கிற சாமான், அதற்குத் தூரக் கண்தான் தோது என்று பின்னால் டாக்டர் விளக்கினார். அன்றைக்கு எனக்கு விளக்கமா முக்கியம்? அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன்.

தகடுகளைப் பழையபடி வைத்து ஓட்டினோம். அந்தக் கோடியில் ரத்தினம் கன்னத்தைத் தொட்டான். இரண்டு கண்ணும் திறந்தபடி இருக்க, அது எனக்குக் கன்னமாகவே தெரிந்தது. மஞ்சளைக் கூட்டினேன். முருகன் முகம் தெளிந்தது. மண்டிக்காரர் பேனாவை வெளியே எடுத்தார். அண்ணாச்சி தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அந்தக் கோடியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்து சொன்னார்:

"அவன் எங்கன தொட்டான்னு எனக்கே தெரியலை பாய். நீங்க இங்கனயே இருங்க."

ஒரு கண்ணுக்கு வெண்ணெயும் ஒரு கண்ணுக்குச் சுண்ணாம்பும் வைப்பது அநியாயம் என்று ஊர் சொல்லும். என் பிழைப்பு அந்த அநியாயத்தால்தான் நின்றது.