வெர்லாவின் டீசல் வண்டி

வெர்லா ஆஸ்ட்ராண்டருக்கு இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது. மீதியை இறைச்சி ஆலையின் எலும்பு ரம்பம் எடுத்துக்கொண்டது. எங்கள் ஹாலோவேயில் பாதி ஊர் அந்த ஆலையில்தான் வேலை பார்த்தது. அதனால் விரல் போனவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வெர்லாவைத் திரும்பிப் பார்த்ததற்குக் காரணம் வேறு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மேற்பார்வையாளன் அவளைக் குளிர் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினான். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு அவள் மட்டும் வெளியே வந்தாள். உள்ளே அவன் தாடை உடைந்து கிடந்தான். மாட்டுத் தொடையைத் தொங்கவிடும் கொக்கியால் அடித்திருந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டு கத்தியை எடுத்து மறுபடி வரிசையில் வந்து நின்றாள். அடுத்த இடத்தில் கத்தி பிடித்திருந்தவன் நான்தான். அவளிடம் என்ன ஆயிற்று என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் கணவன் எம்மெட் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவன். பின்னால் பிள்ளைகள் அடித்துக்கொண்டு புரண்டாலும் குரலை உயர்த்த மாட்டான். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, அவர்கள் ஓயும்வரை செய்தித்தாள் படிப்பான். இவனும் அவளும் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று ஊரே கேட்கும். எதிர்வீட்டில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், நன்றாகத்தான் நடத்தினார்கள்.

இருவரும் ஓய்வு பெற்றதும் ஒரு டிரெய்லர் வீடு வாங்கி, அதை இழுத்துக்கொண்டு மேற்கே கடல்வரை போவது என்று முடிவு செய்தார்கள். நெப்ராஸ்காவில் பிறந்து வளர்ந்த வெர்லா கடலைப் பார்த்ததே இல்லை. எம்மெட்டின் யோசனை எளிமையானது. வீட்டில் நிற்கும் பழைய பிக்கப் வண்டி போதும், பெரிய சன்னல்களும் மின்சாரக் கணப்பும் உள்ள அழகான டிரெய்லர் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம். முதல் கடையில் விற்பனை செய்த பையனும் அதையே சொன்னான்.

"உங்க வண்டி இதைச் சும்மா இழுத்துட்டுப் போயிடும்மா."

"இழுக்கும். மலை இறக்கத்துல நிறுத்துமா?" என்று வெர்லா கேட்டாள்.

பையன் எம்மெட்டின் முகத்தைப் பார்த்தான்.

"அவரை ஏன் பாக்குற? கேட்டது நானு."

ஆலையில் ஒரு முறை, வெட்டுவதற்கு முன் கொடுத்த மயக்கம் தெளிந்த காளை ஒன்று, சங்கிலியைப் பிடித்திருந்த ஆட்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுவரில் போய் மோதியது. அதில் ஒருவன் செத்தான். பின்னால் வரும் கனம் முன்னால் இருப்பவனை என்ன செய்யும் என்பதை அவள் அன்றைக்கே பார்த்துவிட்டாள். அதனால் வண்டியை முதலில் தேடுவோம், வீட்டைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாள். மாடு வளர்ப்பதை விட்டுவிட்ட ஒரு பண்ணைக்காரரிடம் கனமான டீசல் பிக்கப் ஒன்று கிடைத்தது. பக்கவாட்டில் காளை உதைத்த பள்ளம் இருந்தது. ஓட்டுநர் இருக்கைக்கு வலப்பக்கம் டிரெய்லர் பிரேக்குக்கென்று தனியாக ஒரு சின்ன நெம்புகோல் இருந்தது. அதை விரலால் அழுத்தினால் பின்னால் வருவது மட்டும் பிடிக்கும், முன் வண்டி பிடிக்காது. அவருடைய மாட்டு டிரெய்லரை மாட்டி, எம்மெட்டைப் பண்ணைச் சாலையில் வேண்டுமென்றே வளைத்து வளைத்து ஓட்டச் சொல்லி, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபடி அந்த நெம்புகோலை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். எம்மெட்டுக்குத் தலை சுற்றியது.

"நாம ஊர் சுத்தப் போறோமா, சண்டைக்குப் போறோமா?" என்று கேட்டானாம்.

டிரெய்லர் விஷயத்தில் சண்டை வாரக்கணக்கில் நடந்தது. எம்மெட் உள்ளே சோபாவில் சாய்ந்து சன்னல்களை ரசிப்பான். வெர்லா சரளைக்கல்லில் மல்லாந்து படுத்து, டார்ச்சோடு அடியில் புகுந்துவிடுவாள். எம்மெட்டுக்கு மிகவும் பிடித்துப்போன ஒன்றை, வாசல் பக்கத் தரையை ஒரு மிதி மிதித்தே தள்ளிவிட்டாள். தண்ணீர் இறங்கிப் பலகை ஊறிப்போயிருந்தது. கடைசியில் நடுத்தரமான ஒன்றை எடுத்தார்கள். கணப்பு கிடையாது, சன்னல்கள் சின்னவை, பின்பக்கம் மேலும் கீழுமாக அடுக்குக் கட்டில். நம் இருவருக்கு எதற்கு அடுக்குக் கட்டில் என்று எம்மெட் கேட்டதற்கு, இருக்கட்டும் என்று மட்டும் சொன்னாள்.

காரணம் அவர்கள் மகள் கொரீன். நன்றி கூறும் நாள் விருந்தில் வான்கோழியைப் பரிமாறக் குனிந்தபோது அவள் கழுத்துத் துணி விலகியது. அங்கே நீலம் பாரித்திருந்தது. குதிரைக் கயிறு பட்டது என்றாள் கொரீன். கயிறு பதிக்கும் தடம் எது, விரல் பதிக்கும் தடம் எது என்று வெர்லாவுக்குத் தெரியாதா? மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மருமகன் கிராடியின் கைகளையே பார்த்தபடி சாப்பிட்டாள்.

பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலைக் காபி நேரத்தில் கொரீன் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். காதிலிருந்து வந்த ரத்தம் தோள்வரை காய்ந்திருந்தது. அவளை உள்ளே கூட்டிப்போவதற்குள் கிராடியின் வண்டி புல்வெளி மேலேயே ஏறி நின்றது. எம்மெட் வாசலில் போய் நின்று, "வீட்டுக்குப் போப்பா, அப்புறம் பேசலாம்" என்றான். கிராடி இறங்கி வந்தான். டயர் கழற்றும் இரும்பால் முகத்தில் ஒரு வீச்சு. எம்மெட் படியில் சாய்ந்தான், முன்பற்கள் புல்லில் கிடந்தன. பிறகு கிராடி, அவள் உள்ளே ஒளிந்திருப்பதாக நினைத்து, முற்றத்தில் நின்ற டிரெய்லர் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சன்னலாக உடைத்துக்கொண்டே கொரீனைப் பெயர் சொல்லி அழைத்தான்.

நான் தெருவைத் தாண்டி ஓடினேன். அதற்குள் வெர்லா டிரெய்லர் கொக்கியில் ஆட்டத்தை அடக்கப் பூட்டும் எஃகுக் கம்பியை உருவியிருந்தாள். ஒரு பெண் ஒரு கையால் தூக்குகிற கனமில்லை அது. அவன் இரும்பை ஓங்கியபோது அவள் அந்தக் கையிலேயே அடித்தாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவன் விழுந்தான். அவள் மறுபடி ஓங்கினாள், இந்த முறை தலைக்கு. எம்மெட் ரத்த வாயோடு, "வெர்லா, போதும்மா" என்றான். கம்பி அப்படியே காற்றில் நின்றது. அவன் சொல்லாவிட்டால் இறங்கியிருக்கும். இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

போலீஸ் வந்து அவனைக் கொண்டுபோனது. சில நாளில் கையில் கட்டோடு ஜாமீனில் வந்துவிட்டான். கொரீன் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் போகக்கூடாது என்று நீதிபதி எழுதிக் கொடுத்திருந்தார். அதை எம்மெட் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினான். வெர்லா அதைப் படித்துவிட்டு, "இதை எல்லாம் படிக்கிறவனா அவன்?" என்றாள். உடைந்த சன்னல்களுக்கு நானும் அவளும் பலகை அடித்தோம். மறுநாள் காலை கொரீனையும் சேர்த்து அவர்கள் மூவரும் கிளம்பினார்கள்.

அடுத்து நடந்ததை மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். ஊரைத் தாண்டி, ஆற்றுப் பாலத்துக்கு இறங்கும் நீண்ட சரிவில், கண்ணாடியில் கிராடியின் பிக்கப்பை முதலில் பார்த்தவள் பின்னிருக்கையில் இருந்த கொரீன். முன்னிருக்கையைக் கையால் குத்தினாள். வெர்லா திரும்பிப் பார்த்தபோது அவன் பக்கவாட்டில் வந்துவிட்டான். டிரெய்லரின் இடுப்பில் இடித்தான். விலகினான், மறுபடி இடித்தான். இரண்டாவது இடியில் டிரெய்லர் ஆடத் தொடங்கியது. ஒரு ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டம் பெரிதாக, டீசல் வண்டியின் பின்பக்கத்தையே சாலைக்கு வெளியே தூக்கிப்போடப் பார்த்தது.

எம்மெட்டின் கால் பிரேக்குக்குப் போனது.

"காலை எடு. எடுன்னு சொல்றேன்ல. ஸ்டியரிங்க மட்டும் நேரா புடி."

சொல்லிக்கொண்டே வெர்லா குறுக்கே சாய்ந்து அந்த நெம்புகோலை அழுத்திப் பிடித்தாள். பின்னால் டிரெய்லரின் சக்கரங்கள் கதறின. முன்வண்டி இழுக்க, பின்னால் வந்தது முரண்ட, இரண்டும் மெல்ல ஒரே கோட்டுக்கு வந்தன. கிராடி மூன்றாவது முறை வந்தான். இந்த முறை டிரெய்லர் வேகம் குறைந்திருந்ததால் அவன் அதைத் தாண்டி, டீசல் வண்டியின் பின்சக்கரத்திலேயே மோதினான். கனமான வண்டி குலுங்கியது, அவ்வளவுதான். அவனுடைய இலேசான வண்டி எகிறித் திரும்பி, சாலையோரத் தடுப்பை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் உருண்டு, தலைகீழாக நின்றது.

எம்மெட் வண்டியை நிறுத்தினான். கீழே என்ஜின் பக்கம் புகை வந்தது, பிறகு நெருப்பு. கிராடி இருக்கை வாரில் தொங்கியபடி அலறிக்கொண்டிருந்தான். வெர்லா சமையல் பெட்டியிலிருந்து தன் ஆலைக் கத்தியை எடுத்தாள். கொரீன் அவள் கையைப் பிடித்தாள்.

"வேணாம்மா. விட்டுடு."

"அவனுக்காகப் போகல. அவன் வேகிற சத்தம் ஆயுசு பூரா உன் காதுல கேட்கும். அதுக்காகத்தான் போறேன்."

சரிவில் உட்கார்ந்தே வழுக்கி இறங்கினாள். சன்னலுக்குள் தலையை விட்டு வாரை அறுத்தாள். அவன் அவள் முடியைப் பற்றி முகத்தைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்தான். அந்த நேரத்திலும்! அவள் கத்திப் பிடியால் அவன் நெற்றியில் ஓங்கிக் குத்தினாள். அவன் தளர்ந்ததும் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். கால் உள்ளே மாட்டியிருந்தது. இறங்கி வந்த எம்மெட்டும் பிடித்து இழுத்தான். கால் எப்படி வெளியே வந்தது என்பதை அவன் எனக்குச் சொல்ல ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். வெர்லாவின் இரண்டு முன்கைகளும் முழங்கைவரை வெந்துபோயின. ஆம்புலன்ஸ் வரும்வரை அவள் கிராடியின் மார்பின் மேல் முழங்காலை ஊன்றியபடியே உட்கார்ந்திருந்தாள்.

கிராடிக்கு ஒரு கால் போனது. சிறையில் இருக்கிறான், நெடுங்காலம் இருப்பான். டிரெய்லரின் சட்டம் முறுக்கிக்கொண்டதால் அதைப் பழைய இரும்புக்குத்தான் போட முடிந்தது. வெர்லாவின் கைகளில் தோல் ஒட்டும் வேலை வசந்தகாலம்வரை இழுத்தது. இரண்டாவது டிரெய்லரைத் தேர்ந்தெடுக்கும்போது அவளால் அடியில் புகுந்து பார்க்க முடியவில்லை. கொரீன் சரளையில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இவள் நின்றபடி கேட்டுக்கொண்டாள். எம்மெட் புதுப் பற்களோடு கேட்ட பெரிய சன்னல் இந்த முறை கிடைத்தது.

ஓரிகான் கடற்கரைவரை போனார்கள். கொரீன் அங்கேயே ஒரு மீன் பதப்படுத்தும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்து தங்கிவிட்டாள். பிக்கப் ஏதாவது பக்கத்தில் வேகமாக வந்தால் இன்னமும் நடைபாதையை விட்டு ஏதாவது கடைக்குள் ஏறிவிடுகிறாளாம். மற்றபடி நன்றாக இருக்கிறாள்.

சென்ற மாதம் வெர்லாவும் எம்மெட்டும் டிரெய்லரோடு ஊருக்கு வந்திருந்தார்கள். எம்மெட் உள்ளே சூப் சுடவைத்துக்கொண்டிருந்தான். நானும் அவளும் அவர்கள் வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து பீர் குடித்தோம். கிராடியை நெருப்பிலிருந்து இழுத்துப் போட்டதற்கு வருத்தம் உண்டா என்று அப்போதுதான் கேட்டேன். தழும்பேறிய முன்கையைச் சொறிந்துகொண்டாள். வெயில் பட்டால் அரிக்கிறதாம்.

"சில நாள் இருக்கு. அன்னிக்கெல்லாம் கொரீனுக்குப் போன் பண்ணுவேன். அவ எதையாவது வளவளன்னு பேசுவா. கேட்டுக்கிட்டே இருப்பேன்."

எம்மெட் சூப் ஆறுகிறது என்று கூப்பிட்டான். நாங்கள் எழுந்து உள்ளே போனோம்.