வால் முடியும் இடம்

"…அதான் கேக்குறேன், உன் கண்ணுக்கு இந்த வால் எங்கடி முடியுது?" என்று பக்கத்து நாற்காலி அக்கா திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே கேட்டார்.

குரோம்பேட்டையில், ஜிஎஸ்டி ரோட்டைப் பார்த்த ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். புது மருந்தைச் சாப்பிட்டுப் பார்க்க ஒப்புக்கொண்டவர்களின் இசிஜி எங்கெங்கிருந்தோ எங்கள் கணினிக்கு வந்து சேரும். பேர் கிடையாது, எண் மட்டும்தான். ஒவ்வொரு துடிப்பும் கடைசியாக ஒரு மேடு போட்டு இறங்குமே, அது தரையைத் தொடுகிற இடத்தைத்தான் நாங்கள் வால் என்போம். துடிப்பு தொடங்கும் இடத்தில் ஒரு கோடு, வால் முடியும் இடத்தில் ஒரு கோடு. நடுவில் எவ்வளவு நேரம் என்பதைக் கணினி சொல்லிவிடும். மருந்து அந்த நேரத்தை நீட்டினால் இதயத்துக்கு ஆபத்து. நாங்கள் தேடிய நீட்சியோ நொடியில் நூற்றில் ஒரு பங்கு. கோடு வைக்கிற கை அதைவிட அதிகமாக ஆடிவிட்டால், நீட்டியது மருந்தா கையா என்று யாருக்குத் தெரியும்?

சிலருக்கு வால் பளிச்சென்று முடியும். சிலருக்கு ஈரச் சேலை நுனி மாதிரி இழுத்துக்கொண்டே போகும். அங்கேதான் ஆளுக்கொரு கை. நான் தாவரவியல் படித்துவிட்டு வந்து, இந்த வேலையை வேலையில் உட்கார்ந்தே கற்றுக்கொண்டவள். எப்போதும் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிடுவேன். "ஜாக்கெட் பிட் வெட்டுறவன் மாதிரி ஒரு விரக்கடை குறைச்சுத்தான் வெட்டுவா இவ" என்பார் அக்கா. அவருக்குத் தாராளக் கை. "நீங்க பூ வித்தா ஒரே நாள்ல கடை காலிக்கா, மொழத்துக்கு ஒன்றரை மொழம் அளப்பீங்க" என்பேன் நான். இரண்டுமே தப்பில்லை, அவரவர் கடைசிவரை ஒரே மாதிரி வைத்தால். அதனால்தான் ஓர் எண்ணை எடுத்தவர் அந்த எண்ணின் எல்லா இசிஜியையும் தானே முடிக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரைக் கேட்கவே கூடாது.

ஒருநாளும் கேட்காத அக்கா அன்று கேட்டார்.

அவர் வீட்டுக்காரருக்கு மதுரைக்கு மாற்றலாகி, ஜூனில் பள்ளி திறக்கும்போதே பிள்ளைகள் இரண்டும் அப்பாவோடு போய்விட்டார்கள். எடுத்த எண்களை முடித்துவிட்டு வருகிறேன் என்று அக்கா மட்டும் சிட்லபாக்கத்து வீட்டில் தங்கிவிட்டார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் சின்னவனுக்குப் போன் செய்வார். "இன்னிக்கு தலை யாருடா வாரிவிட்டாங்க?" என்று தினமும் அதே கேள்வி. பதில் வரும்வரை சோற்றில் கை வைக்க மாட்டார்.

அன்று அவருக்குக் கடைசிச் சோதனை. அவர் ஏற்கெனவே பார்த்து முடித்த இசிஜிகளில் சிலவற்றையே, எண்ணை மறைத்து, வரிசையைக் கலைத்துத் திரும்பக் கொடுத்திருந்தார்கள். முன்பு வைத்த இடத்துக்கும் இப்போது வைக்கிற இடத்துக்கும் வித்தியாசம் அதிகம் வந்தால், மொத்தத்தையும் அவரே மறுபடி பார்க்க வேண்டும். இரண்டு வாரமாவது ஆகும். தேறிவிட்டால் மறுநாளே தாம்பரத்தில் ரயில் ஏறிவிடலாம்.

அவர் தேறிவிடக் கூடாதே என்றிருந்தது எனக்கு.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நான் அஸ்தினாபுரம். சாயங்காலம் இருவரும் ஒன்றாகத்தான் கிளம்புவோம். ரயில்வே கேட் மூடியிருந்தால் ஊரே எரிச்சலோடு நிற்கும். ஸ்கூட்டர்காரர்கள் கேட்மேனைத் திட்டுவார்கள். எனக்கு மட்டும் இன்னொரு ரயில் வரட்டும் என்றிருக்கும். அக்கா பேச்சு பாதியில் இருக்குமே. என் வீட்டில் நான் பேசினால் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். அந்த கேட்டில்தான் என்னை ஒருவர் "அப்புறம்?" என்று கேட்டார்.

அக்கா காட்டிய வால் அந்த இழுக்கிற ரகம். கோடு அவர் வழக்கமாக வைக்கும் இடத்தில்தான் நின்றது. "என்னைக் கேக்காதீங்கக்கா" என்று சொல்லியிருந்தால் போதும்.

"இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்கக்கா" என்றேன்.

"தள்ளியா?"

"ஆமா, இன்னும் இறங்குது பாருங்க."

அக்கா திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த மூன்று வருடத்தில் எந்த வாலுக்கும் நான் "தள்ளி" என்று சொன்னதில்லை. அது அவரைவிட யாருக்குத் தெரியும்?

"நீயா? நீயாடி தள்ளி வைக்கச் சொல்றே?"

குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அக்கா கையை நீட்டி, சக்கரம் வைத்த என் நாற்காலியை என்னோடு சேர்த்து என் திரைப் பக்கம் மெதுவாகத் திருப்பிவிட்டார். பிறகு கோட்டைத் தன் இடத்திலேயே விட்டுவிட்டு என்டரைத் தட்டினார்.