சனிக்கிழமை ஆறு மணி விலைக்கு இல்லை

ஆள்காட்டி விரலை நாக்கில் நனைத்து, சமையலறை ஜன்னலைத் திறந்து, கலெர்வோ வெளியே நீட்டுகிறார். பனிக்காற்று விரலைக் கடித்தால் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுக் காபி இயந்திரத்தைப் போடுவார். கடிக்கவில்லை என்றால், "வந்துரும், வந்துரும்" என்று காற்றின் சார்பில் தானே வாக்குக் கொடுத்துவிட்டு, அப்போதும் காபி இயந்திரத்தைப் போடுவார். காற்றாலை ஓடும் நேரம் பார்த்துத்தான் மின்சாரத்தைச் செலவழிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கொள்கைக்காக அவர் ஒரு காபியைத் தள்ளிப்போட்டதாக இதுவரை தகவல் இல்லை.

தீவன ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவரைக் ஊருக்குக் கம்பி இழுத்திருக்கும் மின்கம்பெனி கூப்பிட்டு, கல்லியோபெரா கிராமத்துக்கு 'நெகிழ்வு ஆலோசகர்' ஆக்கியது. கூடவே முதுகில் அந்தப் பட்டத்தை அச்சடித்த நீல ஜாக்கெட் ஒன்று. அதை அவர் சர்ச்சுக்கும் போட்டுக்கொண்டு போகிறார். கடவுளுக்கும் தெரிந்திருக்கட்டும் என்ற எண்ணமாக இருக்கலாம்.

வேலை கடினமானதல்ல. கடலோரத்துக் காற்றாலைகள் வாரநாட்களில் கொட்டும் மின்சாரத்தை வாங்க ஆளில்லை. பாதி நேரம் அவற்றை நிறுத்திக் கட்டிப்போடுகிறார்கள். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கோ, ஊர் மொத்தமும் ஒரே மூச்சில், கல்லைக் காயவைத்து ஆவியில் குளிக்கும் சவுனா அறையின் மின்னடுப்பைப் போட்டுவிட்டுத் துண்டைத் தேடுகிறது. அப்போது ஊருக்கு வரும் ஒற்றைக் கம்பிக்கு மூச்சுத் திணறுகிறது. வீடுகளில் விளக்கு மங்குகிறது. குளியலைக் காற்றடிக்கும் நாளுக்கோ வேறு மணிக்கோ மாற்றிக்கொள்பவருக்குக் கம்பெனி காசு தரும். எவ்வளவு வேண்டும் என்று அவரவரே கைப்பேசியில் விலை போடலாம். இது ஓர் உள்ளூர்ச் சந்தை; அதில் சரக்கு, நம்முடைய விட்டுக்கொடுத்தல். அந்தச் சந்தைக்கு ஆள் பிடிப்பவர்தான் கலெர்வோ.

"காத்து அடிச்சா குளி. அடிக்கலியா, அழுக்கோட இரு. அழுக்கு யாரையும் கொன்னதில்ல" என்பார், வாசலில் பூட்ஸின் பனியை உதறிக்கொண்டே. சொல்லிவிட்டு, தன் வீட்டில் சனிக்கிழமை ஆறு மணிக்குச் சவுனா அடுப்பைப் போடுவார். கல் காயும்வரை மேசையில் உட்கார்ந்து ஒரு கண்ணால் கடிகாரத்தையும் மறு கண்ணால் வாணலியில் புரளும் சாசேஜையும் பார்ப்பார். பிறகு கம்பளித் தொப்பியும், ஆவியில் உடம்பைத் தட்டிக்கொள்ளும் பிர்ச் இலைக் கட்டுமாக முற்றத்தைக் கடந்து போவார். கல்யாணத்தன்றும் அப்படித்தான் போனாராம், விருந்தாளிகள் காத்திருந்தார்களாம்.

பக்கத்து வீட்டுப் பென்த்தி ஒருமுறை கேட்டார்: "ஊருக்கெல்லாம் சொல்றியே, நீ எப்பய்யா மாத்தப்போற?"

"பல் டாக்டர் தன் பல்லைத் தானே புடுங்கிக்கறாரா?" என்றார் கலெர்வோ.

அவர் மனைவி ஹில்க்கா இன்னும் சுருக்கமாகச் சொல்வார்: "வளைஞ்சு கொடுக்கறதப் பத்தி ஊருக்குப் பாடம் எடுக்கறாரு. காலுக்கு சாக்ஸ் மாட்டக் குனிய மாட்டேங்கறாரு."

இந்த வேடிக்கை இப்படியே போயிருக்கும். நடுவில் எதிர்வீட்டு ரீக்கா வந்து சேர்ந்தாள். மூடிக்கிடக்கும் பள்ளிக்கூடத்தை வாடகைக்கு எடுத்து ரொட்டிக்கடை வைக்கத் துணிந்தவள். ரொட்டி சுடும் பெரிய மின்னடுப்பும் வந்திறங்கி, பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வகுப்பறை நடுவில் நின்றது. இணைப்புத்தான் வரவில்லை. "கம்பியில் இடமில்லை" என்றது கம்பெனி. வாரம் முழுக்க ஈயோட்டுகிற கம்பிதான்; ஆனால் இடமிருக்கிறதா என்று அவர்கள் அளப்பது, அது நிரம்பி வழியும் அந்தச் சனிக்கிழமை மாலையை வைத்து. ஊர் தன் குளியலை வெவ்வேறு மணிகளுக்குப் பரப்பிக்கொண்டு, மாலை மின்செலவின் உச்சத்தைக் கம்பெனி போட்ட கோட்டுக்குக் கீழே இறக்கிக் காட்டினால் இணைப்பு உண்டு. சோதனைக்கு இரண்டு சனிக்கிழமைகள். அதற்குமேல் அடுப்பு விற்றவர் காத்திருக்கமாட்டார், அதைத் திரும்ப எடுத்துப்போக லாரியோடு வந்துவிடுவார்.

கலெர்வோ சுறுசுறுப்பானார். வீடு வீடாகப் போய், "அதிகம் வேணாம், ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்க, போதும்" என்றார். ஒவ்வொரு வீட்டிலும் "ம்" என்றார்கள். இந்தப் பக்கத்தில் 'ம்' என்றால் சம்மதம், நன்றி, கதவைச் சாத்திவிட்டுப் போ, மூன்றும்தான். எப்போது குளிக்கப்போகிறாய் என்று அடுத்த வீட்டுக்காரரைக் கேட்பது, உன் எடை என்ன என்று கேட்பதற்குச் சமம். ஆகவே யாரும் யாரையும் கேட்கவில்லை. ஊருக்காக நான் ஒருவன்தான் தியாகம் செய்கிறேன் என்று தனித்தனியே நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு, அத்தனை பேரும் ஏழு மணிக்கு அடுப்பைப் போட்டார்கள்.

ஊரின் விளக்குகள் வழக்கம்போல மங்கின. ஒரு மணி நேரம் தாமதமாக, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை கடையில், பால் அலமாரிக்கு முன்னால் பென்த்தி பிடித்துக்கொண்டார். "ஆறு மணிக்கு ஊர்ல ஒரே ஒரு அடுப்புதான் எரிஞ்சுதாமே?"

"அப்படியா."

"நீல ஜாக்கெட் போட்ட அடுப்பாம்."

கலெர்வோ பால் பெட்டியின் தேதியை நெடுநேரம் படித்தார்.

இரண்டாவது சனிக்கிழமைக்கு ரீக்கா ஆலோசகரை நம்பவில்லை. தானே போனாள். யாரும் கேட்காத கேள்வியை வாசலில் நின்று நேராகக் கேட்டாள்: "நீங்க எப்ப குளிக்கறீங்க?" கிழவர்கள் சிவந்துபோனார்கள். கிழவிகள் உட்காரச் சொல்லிக் காபி கொடுத்தார்கள். சிலர் ஐந்துக்கு, சிலர் எட்டுக்கு, சிலர் காற்றடிக்கும் நாளுக்கு என்று கைப்பேசியில் விலை போட்டார்கள். பென்த்தி புதன்கிழமையே குளித்துவிட்டு வந்து பீற்றிக்கொண்டார்: "வெளிய என்னமா காத்து! ஒரு கரண்டி தண்ணி ஊத்தினேன், கல்லுலேந்து ஆவி சீறிக்கிட்டு எழும்பிச்சு பாரு!"

வெள்ளிக்கிழமை அவள் கலெர்வோவின் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். கைப்பேசியை மேசைமேல் வைத்தாள்.

"எல்லாரும் போட்டுட்டாங்க. ஐஞ்சு சரி, ஏழு சரி, எட்டு சரி. ஆறு மணிக்குத்தான் கோட்டுக்கு மேல ஒரு அடுப்பு இருக்கு."

"யாரோடது?" என்றார் கலெர்வோ.

ஹில்க்கா பின்னிக்கொண்டிருந்த சாக்ஸைத் திருப்பிப் பிடித்தார். "ஆமா, யாரோடதா இருக்கும்? கண்டுபிடிக்க போலீஸ வரச் சொல்லலாமா?"

"நான் ஆலோசகர்."

"ஆலோசகர் வீட்டுக்கு வேற கம்பியிலயா கரண்ட் வருது?"

ரீக்கா சிரிக்கவில்லை. "என்ன விலை வேணா போடுங்க, கலெர்வோ. யாரும் ஒண்ணும் கேக்கப்போறதில்ல."

"சனிக்கிழமை ஆறு மணி விலைக்கு இல்ல, பொண்ணே." அவருடைய அப்பாவுக்கு ஆறு மணி, அவருக்கு ஆறு மணி. மற்ற நாட்களில் ஆலை, மழை, மனைவி, கம்பெனி என்று யாராவது சொல்லித்தான் எதையும் செய்திருக்கிறார். அந்த ஒரு மணியை மட்டும் யாரும் அவருக்குச் சொன்னதில்லை.

ரீக்கா கைப்பேசியை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே நின்று, "திங்கக்கிழமை லாரி வருது. அடுப்பத் தூக்க ரெண்டு ஆள் வேணும். பென்த்தி வரேன்னாரு. நீங்களும் ஒரு கை குடுங்க" என்றாள். குத்திக்காட்டிப் பேசியிருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் உண்மையாகவே உதவி கேட்டாள்.

சனிக்கிழமை மாலை கலெர்வோ வழக்கம்போலச் சாசேஜை வாணலியில் இட்டார். ஆறு மணிக்கு முற்றத்தைக் கடந்து சவுனாவுக்குள் போய்த் திரும்பி வந்தார். கல் காயும்வரை மேசையில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். ஹில்க்கா ஜன்னல் வழியே முற்றத்தைப் பார்த்தார். அடுப்பைப் போட்டால் சவுனாக் கதவுக்கு மேல் எரியும் சிவப்பு விளக்கு எரியவில்லை. எதிர்வீட்டில் ரீக்காவின் விளக்கு மங்காமல் நின்றது. ஹில்க்கா ஒரு கம்பளிப் போர்வையை எடுத்து நீட்டினார். அவர் அதை வாங்கவில்லை.

நேரம் ஆனதும் கலெர்வோ எழுந்தார். நீல ஜாக்கெட்டை ஆணியில் மாட்டினார். தொப்பி, துண்டு, பிர்ச் இலைக் கட்டு எல்லாவற்றோடும் போய், குளிர்ந்து கிடந்த சவுனாவின் மேல் பலகையில், வழக்கமான இடத்தில், வெற்றுடம்போடு உட்கார்ந்தார். வாளியிலிருந்து ஒரு கரண்டி தண்ணீர் மொண்டு கல்லின்மேல் ஊற்றினார். தண்ணீர் கல்லிடுக்கில் வழிந்து இறங்கியது. ஆவி முகத்தில் அடிக்கும்போது குனிவது போலத் தலையைக் குனிந்து, கண்ணை மூடி, கொஞ்சம் பொறுத்து, இன்னொரு கரண்டி மொண்டார்.