மஞ்சள் கடுதாசியும் என் தையல் மிஷினும்

சபையாரே, கோபம் தணிந்த பிறகு சாட்சி சொல்லலாம் என்றார் போதகர் ஐயா. அது தணிகிற வழியாக இல்லை. கோபத்தோடேதான் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் ராயபுரத்தில் விறகுத்தொட்டி வைத்திருந்தார். எண்ணூர்ப் பக்கமிருந்து கால்வாய்ப் படகில் சவுக்குக் கட்டை வந்து இறங்கும். ஊரெங்கும் வியாபாரம் படுத்தபோது அதுவும் படுத்தது. கடன் கழுத்தை நெரித்ததும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஐகோர்ட்டில் திவால் என்று மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டு வந்தார்.

"இனிமே ஒருத்தனும் நம்ம வாசலுக்கு வர முடியாது. வரி பாக்கி, கடன் அல்லாம் பூட்ச்சி" என்றார் வெற்றிலையை மென்றுகொண்டே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வக்கீலிடம் ஓடினேன். மற்ற கடன்களிலிருந்து கோர்ட்டு ஒரு நாள் விடுவிக்கலாம், சர்க்கார் வரி மட்டும் விடாது என்றார் அவர். காபி கிளப்பில் எவனோ சொன்ன அரைகுறைச் சட்டத்தை நம்பிக் குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டாரே மனுஷன்!

ஈஸ்டருக்கு முந்தின வாரம் கோர்ட்டு ஆள் வந்து ஏலத்துக்குச் சாமான்களை எழுதினார். கட்டில், பீரோ, கடைசியில் என் தையல் மிஷின். பிள்ளைகள் சாப்பிட்டதே அதை வைத்துத்தான். என் கூலியில் வாங்கியது என்று கதறினேன்.

"ரசீது உன் வூட்டுக்காரர் பேர்ல கீதேம்மா. உன்னுதுன்னா சாட்சி கொண்டா" என்றார்.

பெண்பிள்ளை பேரில் ரசீது எழுத மாட்டேன் என்றது மிஷின் கடைக்காரன். அதற்கு நானா பொறுப்பு?

அன்று முழங்காலில் நான் செய்தது ஜெபமா சண்டையா, தெரியாது. "கர்த்தாவே, அவர் செய்ததற்கு நான் ஏன் அழ வேண்டும்? எனக்கு ஒரு சாட்சியைக் கொடும்" என்று கத்தினேன். எங்களுக்குக் கடன் கொடுத்து, வாசலில் நின்று மானத்தை வாங்கிய வண்ணாரப்பேட்டை ஜவுளிக்கடை காதர் பாயை நாசமாக்கும் என்றும் சேர்த்துக் கேட்டேன்.

மிஷின் என்னுடையது என்று மனுப் போட்டேன். விசாரணையன்று கோர்ட்டில் எனக்காக எழுந்தவர் அதே காதர் பாய். மிஷின் ஏலம் போயிருந்தால் அவருக்கும் கொஞ்சம் தேறியிருக்கும்.

"மிஷினு இந்தம்மாவோடதுங்க ஐயா. எங்கடைக்கு ரவிக்க தெச்சிக் குடுத்துகினு இருந்திச்சி. அந்தக் கூலியப் புட்ச்சி நாந்தான் மிஷினுக்குக் கட்னேன்."

மிஷின் தப்பியது. வெளியே வந்து, "ஏன் பாய்?" என்றேன்.

"கடன் வாங்குனது உன் வூட்டுக்காரன். நீ இல்லியே."

என் வீட்டுக்காரர் இப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்கி வரியைக் கட்டுகிறார். என்னைக் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. சகோதரிகளே, அழகாக ஜெபிக்க வரவில்லையென்றால் ஆண்டவரிடம் சண்டையாவது போடுங்கள். கேட்கிறார். நாசமாக்கச் சொன்ன மனுஷரையே எனக்குச் சாட்சியாக அனுப்பினார். இன்று காதர் பாய்க்காக எல்லோரும் ஜெபியுங்கள். அவர் பணம் இன்னும் வரவில்லை.