ஓடுபாதை முடிவில் பூத்த கடுகு

இக்காஸ்ட் என்ற டேனிஷ் ஊருக்கு வெளியே ஒரு கமக்காரரின் நீளமான புல்வெளிதான் அந்தச் சின்ன விமானத்துக்கு ஓடுபாதை. ஓகஸ்ட் மாதத்தில், வெட்டாத கோதுமை வயல்களுக்கு மேலே பறந்து அது மஞ்சள் கடுகு விதைக்கும். அறுவடைக்குப் பிறகு நிலம் வெறுமையாகக் கிடக்கக்கூடாதாம். வானத்திலிருந்து கடுகு விழுவதை முதன்முதலில் பார்த்தபோது, கீழே எங்கேயோ பெரிய தாச்சியில் எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும் என்று நான் உண்மையாகவே நம்பினேன். எதையும் நம்புகிற வயது.

தொழிற்சாலை விடுமுறையில் சித்தப்பா அங்கே விதை ஏற்றப் போவார். உழவு இயந்திரம் தூக்கிப் பிடிக்கும் பெரிய சாக்கின் வாயைத் திறந்து, விமானத்தின் தொட்டிக்குள் கடுகைக் கொட்டுவது அவர் வேலை. என்னைப் பக்கத்திலேயே காருக்குள், கண்ணாடியை இறக்கி இருத்திவிடுவார். இயந்திர இரைச்சலில் பாதித் தூக்கமும் பாதிக் கனவுமாக நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

பாதையின் பாதித் தூரத்தில், ஓரமாக ஒரு வெள்ளைக் கட்டை நட்டிருந்தது. அதைத் தாண்டுமுன் விமானத்தின் சில்லு புல்லை விட்டு எழும்ப வேண்டும். இல்லாவிட்டால் சுமையைக் கொட்டிவிட வேண்டும், ஏனென்றால் பாதைக்கு அப்பால் உயரமான ஊசியிலை மரங்கள்.

அன்று காலை மழையில் புல் ஊறியிருந்தது. காற்றும் இல்லை. அதிகம் கதைக்காத, தலை நரைத்த டேனிஷ் விமானி, தொட்டி பாதி நிறைந்ததுமே கையை உயர்த்தி, போதும் என்று நிறுத்தச் சொன்னார்.

எங்கள் ஆட்களிடம் போதும் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. பக்கத்து ஊரான ஹேர்னிங்கில் நடக்கும் கலியாண வீடுகளில் சித்தப்பா சோற்று வாளியோடு பந்திக்கு வந்தால், இரண்டு கையாலும் இலையை மறைத்தவருக்கும் விரலிடுக்கில் சோறு விழும்.

"பாவம் மனிசன், எத்தினை தரம் ஏறி இறங்கிறது? கொஞ்சம் கூடப் போட்டா ஒரு பயணம் மிச்சம்" என்று எனக்குக் கேட்கச் சொல்லிக்கொண்டே, விமானி தலைக்கவசம் மாட்டக் குனிந்த நேரம் பார்த்து, சாக்கை இன்னொரு தரம் திறந்தார்.

விமானம் ஓடியது. வெள்ளைக் கட்டையும் போய்விட்டது, சில்லு எழும்பவில்லை. சித்தப்பா என் கார்க் கதவருகில் நின்று "எழும்பு, எழும்பு" என்று மெல்லச் சொன்னார், தமிழில். பாதை முடியும் இடத்தில் விமானத்தின் வயிறு திறந்து, கடுகு முழுவதும் மஞ்சள் புகையாக இறங்கியது. பாரம் விட்ட விமானம் துள்ளி எழும்பி, மரநுனிகளை மயிரிழையில் தாண்டியது. அவ்வளவு அழகு. நான் கைதட்டினேன்.

விமானி திரும்பி வந்து இறங்கினார். கோப்பி ஊற்றினார், பாதி வெளியே சிந்தியது. அவருக்குக் குளிர்கிறது என்று நினைத்தேன். எவ்வளவு போட்டாய் என்று மட்டும் கேட்டார். சித்தப்பா மறைக்காமல் சொன்னார். 

இலையுதிர் காலத்தில் ஒருநாள் நானும் சித்தப்பாவும் அந்த வழியாகக் காரில் வந்தோம். பாதை முடியும் மண்ணில், மரங்களுக்கு முன்னால், ஒரு துண்டு நிலம் மட்டும் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. அதற்குள் என்னை நிறுத்தி ஒரு படம் எடுக்கச் சொல்லிக் கேட்டேன், வழக்கம்போல டேனிஷில்.

"வேண்டாம் பிள்ளை. அங்கை போகாதை."

நான் கேட்டு அவர் மறுத்தது அதுதான் முதல் தரம். எனக்குப் பொல்லாத கோபம். அவரோ காரை எடுக்காமல் அந்தப் பூக்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு விருப்பம் என்றால் இறங்கி ஒரு படம் எடுத்தால் என்ன என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அந்தக் கடுகு அங்கே கொட்டியிராவிட்டால், இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு மனிதர் செத்துக் கிடந்திருப்பார் என்று நினைக்க அப்போது எனக்குத் தெரியவில்லை.