'லி' போட்டுக் கெட்ட கதை

ஆங்கில இலக்கணம் சொல்லிக் கொடுப்பது, நமக்குப் பாதி புரிந்ததை முழுதாகப் புரிந்த முகத்தோடு விளக்கும் தொழில். பதினொரு வருடமாக மலேசியாவில், கூலாய் ஊரில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். சனிக்கிழமை காலையில், ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் வகுப்பு. வருகிறவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகும் பெரியவர்கள். சிலருக்குச் சிங்கப்பூரில் வேலை வேண்டும், சிலருக்கு இருக்கிற தொழிற்சாலையிலேயே ஒரு படி மேலே போக வேண்டும்.

என்னைப் போலவே மண்டை காய்ந்திருக்கும் டீச்சர்மார்களே, இது உங்களுக்காக எழுதியது. முக்கியமாக 'பேசிவ்' நடத்தியவர்களுக்கு. 'அவனை அடித்தார்கள்' என்று சுலபமாகச் சொல்வதை 'அவன் அடிக்கப்பட்டான்' என்று திருப்பிப் போட்டு உயிரை எடுக்குமே, அந்தச் சமாசாரம்.

கெனா

நம் ஊரில் இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. மலாயில் 'கெனா' என்பார்கள். 'கெனா மாரா' என்றால் திட்டு வாங்கியாயிற்று, 'கெனா சமான்' என்றால் போலீஸ் அபராதம் விழுந்தாயிற்று. நம் ஆட்கள் தமிழ் பேசும்போதே நாளைக்குப் பத்து தடவை கெனா போடுகிறார்கள். எனவே முதல் வகுப்பிலேயே, "பேசிவ்னா வேற ஒண்ணுமில்ல, கெனாதான்" என்று சொல்லிவிட்டேன். அத்தனை முகமும் பளிச்சென்று ஆனது. அந்தப் பெருமையில் கீழே போய் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ ஒன்றை அதிகமாகவே குடித்தேன்.

மூன்று வாரம் கழித்து, செடெனாக்கிலிருந்து வரும் லாரி ஓட்டுநர் முனியாண்டி, போன இன்டர்வியூவில் வேலை கிடைக்கவில்லை என்று வந்து உட்கார்ந்தார். பழைய முதலாளி கொடுத்த கடிதத்தைக் காட்டினீர்களா என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து எட்டாக மடித்த தாளை எடுத்தார். அதில் 'முனியாண்டி இஸ் ஹைலி ரெக்கமெண்டட்' என்று எழுதியிருந்தது. இந்த ஆளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். இதை ஏன் காட்டவில்லை என்று நான் கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "இஸ் வந்து, ஈ-டி வந்தா கெனான்னு நீங்கதான டீச்சர் சொன்னீங்க? கெனான்னாலே கெட்ட விசயம். இதுல ஹைலி கெனான்னு வேற போட்டிருக்கு. பயந்து உள்ள வச்சிட்டேன்லா."

நடுவில் ஒரு காலி இடம்

கெனாவைக் கைவிட்டேன். அடுத்த வாரம் பலகையில் 'வாஸ்' என்று எழுதி, தள்ளி ஒரு வினையை எழுதி, நடுவில் ஒரு கட்டம் போட்டேன். "எப்படி நடந்துச்சுன்னு சொல்ற வார்த்தை இங்க உக்காரும். வெறும் பேட், சேஃப்னு வராது. வாலுல 'லி' போட்டுத்தான் வரணும். பேட்லி, சேஃப்லி." அப்போது மணி அடித்த மாதிரி எல்லாரும் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்து ஒரு குரல், "ஹார்டுக்கும் அதே மாதிரி லிதான, டீச்சர்?" என்று கேட்டது. நான் பலகையை அவசர அவசரமாகத் துடைத்துக்கொண்டே தலையாட்டினேன். இந்தத் தலையாட்டலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மறந்துபோய்விட்டது, அதுதான் வினை.

லி போடாமல் 'வெரி' போட்டால் என்ன என்று லாயாங் லாயாங் ஊரிலிருந்து வரும் பிரேமளா கிளப்பினாள். வெரி டயர்ட் சரியாம், வெரி இன்வைட்டட் தப்பாம், ஏன்? டயர்ட் பெயரடை மாதிரி பழகிவிட்டது, இன்வைட்டட் இன்னும் வினையாகவே இருக்கிறது என்று ஆரம்பித்தேன். பாதியில் எனக்கே அது நியாயமாகப் படவில்லை. அழைத்தார்கள் அல்லது அழைக்கவில்லை, அதில் ரொம்ப என்ன, கொஞ்சம் என்ன என்று மாற்றிப் பேசிச் சமாளித்தேன். பிரேமளா விடவில்லை: "என் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு வாட்சாப்ல ஒரு தடவ, போன்ல ஒரு தடவ, வீட்டுக்கே வந்து ஒரு தடவ கூப்பிட்டாங்க டீச்சர். இதுக்கு மேலயும் வெரி இல்லன்னா எப்படி?"

ஒரே கதவு

கீழே கடை வைத்திருக்கும் பாய்க்கும் என் வகுப்பில் இடம் உண்டு. கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு அரை மணி நேரம் வந்து உட்காருவார். கடை திறந்த புதிதில் வாசலில் 'நியூலி ஓப்பன்ட்' என்று துணி கட்டியிருந்தார். ஓப்பன்டுக்கு முன்னால் நியூலி, காலி இடத்தில் லி, பார்த்தீர்களா என்று நான்தான் அதை வகுப்பில் உதாரணம் காட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும்போது, பாய் கடையைச் சாத்திவிட்டுக் கதவில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டார்: 'நியூலி குளோஸ்ட்'. இப்போதுதான் சாத்தினேன் என்று சொல்ல நினைத்தாராம். திரும்பி வருவதற்குள் கடையை ஒரேயடியாக மூடிவிட்டார்கள் என்று தெரு முழுக்கச் செய்தி. ஓர் அம்மா துக்கம் விசாரிக்கவே வந்துவிட்டார். மறுநாள் வகுப்புக்குப் பாய் அட்டையோடு மாடியேறி வந்து என் மேசையில் வைத்தார்: "தொறக்கிறப்ப நியூலி சொல்லலாம், மூடுறப்ப சொல்லக் கூடாதா? ரெண்டும் ஒரே கதவுதான டீச்சர்!"

ஹார்ட்லி

இதுவரை சிரித்திருப்பீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், தேன்மொழி அந்தத் தாளைக் கொண்டுவரும் வரைக்கும்.

தேன்மொழி ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பத்து பெண்களுக்கு லைன் லீடர். அவர்களில் ஒருத்தியான லெட்சுமி, அவளுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தோழி. அந்த வாரம் பிளாஸ்டிக்கை அச்சில் வார்க்கும் மெஷினில் லெட்சுமியின் வலது கை மாட்டிக்கொண்டது. தையல் பிரிக்கும் வரை அவளைப் பேக்கிங் பக்கம் மாற்ற வேண்டும் என்று தேன்மொழி ஆபீசுக்கு அறிக்கை எழுதினாள். யார் உதவியும் இல்லாமல் அவள் எழுதிய முதல் ஆங்கில அறிக்கை அது. ஆபீஸ் மறுத்துவிட்டது. திங்கட்கிழமை லெட்சுமி அதே மெஷின் முன்னால் நிற்க வேண்டும். நீ எழுதித்தான் இப்படி ஆச்சு என்று சொல்லிவிட்டு, லெட்சுமி இவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

தாளை வாங்கிப் படித்தேன். 'ஹெர் ஹேண்ட் வாஸ் ஹார்ட்லி ஹர்ட்.' கை பலமாக அடிபட்டது என்று எழுத நினைத்து, கையில் அடியே படவில்லை என்று எழுதியிருக்கிறாள். ஹார்டுக்கு மட்டும் வாலில் லி போட்டால் அர்த்தம் தலைகீழாகிவிடும். அன்றைக்குப் பின்னால் இருந்து ஹார்டுக்கு லி கேட்ட குரல் யாருடையது என்று அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. என் தலையாட்டலுக்கு லெட்சுமியின் விரல் பதில் சொல்லப் போகிறது.

வகுப்பை அப்படியே விட்டுவிட்டு, புது அறிக்கை எழுத உட்கார்ந்தோம். 'பேட்லி ஹர்ட்' என்றேன். தேன்மொழி பேனாவைத் தூக்கிக்கொண்டாள். "பேட்லின்னா மோசமாதான? ஒழுங்கா அடிபடல, மோசமா அடிபட்டிருக்குன்னு சொல்லிட்டா?" அப்படி இல்லை, பேட்லி நீடட் என்றால் மோசமாகத் தேவை என்றா அர்த்தம், ரொம்பத் தேவை என்றுதானே என்றேன். அவள் இன்னும் மிரண்டாள். சரி, 'சீரியஸ்லி' போடு என்றேன். "அலமாக், டீச்சர். என் மக போன்ல சீரியஸ்லி, சீரியஸ்லின்னுதான் கேப்பா. நெசமாவான்னு அர்த்தம். ஆபீசும் நெசமாவான்னு கேக்கும்." அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இருப்பதாக எனக்கே தோன்றவில்லை.

கடைசியில் அவளே எழுதினாள். 'டூ ஃபிங்கர்ஸ் வேர் கட். செவன் ஸ்டிச்சஸ்.' காலி இடத்தைக் காலியாகவே விட்டுவிட்டாள். நான் கை வைக்கவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "லி போட்டா ஆபீஸ் அவங்க இஷ்டத்துக்குப் படிக்கிறாங்க டீச்சர். தையல எப்படிப் படிச்சாலும் ஏழுதான்."

மன்னிப்பு

அடுத்த சனிக்கிழமை தேன்மொழி பலகாரத்தோடு வந்தாள். லெட்சுமியைப் பேக்கிங்கில் போட்டுவிட்டார்களாம். பலகாரமே லெட்சுமி வீட்டில் செய்ததாம், ஒற்றைக் கையால் உருட்டியதால் உருண்டைகள் கோணலாக இருந்தன. இன்னும் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை. எல்லார் முன்னாலும் எழுந்து, தப்பு தேன்மொழியுடையது இல்லை, அன்றைக்கு யோசிக்காமல் தலையாட்டியது நான்தான், என்னை மன்னிக்க வேண்டும் என்றேன். தேன்மொழி பலகாரத்தைக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி, சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னாள்: "டீச்சர், யூ ஆர் ஹார்ட்லி ஃபர்கிவன்."

பாடம் அவளுக்குப் புரிந்திருந்தால் எனக்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை, புரியாமல் சொல்லியிருந்தால் நான் டீச்சரே இல்லை, இதில் எது என்று கேட்கும் தைரியம் எனக்கு இன்றுவரை வரவில்லை.