சோதனையில் தேறிய வண்டி

புத்தளம் ஆஸ்பத்திரியில் மகளுக்கு முகமூடி வைத்து மருந்து ஆவி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். டொக்டர் எங்களைப் பார்த்து, "வீட்டில யாராவது சிகரெட் பத்துறவங்க இருக்கிறாங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். என் கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் பத்துறல்ல டொக்டர். என்ட ஓட்டோதான் பத்தும்," என்றார்.

டொக்டர் சிரிக்கவில்லை. "அப்ப அதைத்தான் முதல்ல நிப்பாட்டணும்," என்றார்.

அதை நிப்பாட்டினால் நாங்கள் எதைச் சாப்பிடுவது என்று அவரிடம் எப்படிக் கேட்பது? நான் பாலர் பாடசாலையில் படிப்பிப்பவள். அந்தச் சம்பளத்தில் ஒரு குடும்பம் ஓடாது. ஓட்டோதான் எங்கள் சோறு.

எங்கள் வீடு ஆலங்குடாவில், கடலுக்குப் போகும் மணல் ஒழுங்கையில் இருக்கிறது. வண்டி பல கை மாறி எங்களிடம் வந்த பழைய டூ ஸ்ட்ரோக். அந்த எஞ்சினுக்குப் பெற்றோலோடு ஒயிலையும் கலந்து ஊற்ற வேண்டும். ஒயில் எரிந்த மிச்சம் நீலப் புகையாகப் பின்னால் வரும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு வருகிற புகையில் பக்கத்தில் நிற்கும் ஆளே தெரியாது. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் அது நேரே வீட்டுக்குள் வந்துவிடும். அந்தக் காற்றைத் தேடித்தான் வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டங்களோடு வந்து எங்கள் கடலில் வழுக்கி விளையாடுகிறார்கள். மகளுக்கு மூச்சு இழுப்பு கூடுவதும் அதே மாதங்களில்தான்.

டொக்டர் சொன்ன பிறகு என் கணவர் வண்டியை ரோட்டுவரை தள்ளிக்கொண்டுபோய் ஸ்டார்ட் பண்ணத் தொடங்கினார். ஆனால் மகள் பள்ளிக்கூடம் போவதும் அந்த வண்டியில்தான். எங்கள் பக்கத்துப் பஸ்ஸை நம்பிப் பிள்ளையை அனுப்ப முடியாது. பின்னேரம் அவளுடைய வெள்ளைச் சட்டையை மோந்து பார்த்தால் ஒயில் மணக்கும். நான் அடுப்பில் வேலையாக இருந்தாலும் என் காது அவள் நெஞ்சில்தான் இருக்கும். மெல்லிய விசில் சத்தம் ஒன்று தொடங்கினால் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன்.

அந்தக் காலத்தில்தான் அரசாங்கத்தின் திட்டம் பற்றிய கதை வந்தது. புகை கக்கும் பழைய ஓட்டோவைக் கையளித்தால் புதியது வாங்க ஒரு பங்கை அரசாங்கம் தரும், மிச்சத்துக்குக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும் என்றார்கள். வருமானம் குறைந்தவர்களுக்குத்தான் முதலிடமாம். கிராம சேவகரிடம் போய்ப் பதிந்தோம். புத்தளத்தில் ஒரு மைதானத்துக்கு வண்டியைக் கொண்டுவரச் சொல்லி நாளும் கொடுத்தார்கள். சைலன்சருக்குள் கம்பி விட்டுப் புகையை அளந்து பார்ப்பார்களாம்.

ஓட்டோ ஸ்டாண்டில் கொண்டாட்டம். அங்கே எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் சாரதி ஒருவர் இருந்தார். தன் தம்பியின் மீன்பிடிப் போட்டுக்குக் கிடைக்கிற மண்ணெண்ணெயில் கொஞ்சத்தை வண்டிக்கும் ஊற்றுகிறவர். அவர் வண்டி வருவதைக் கண்ணால் காணுமுன் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

"நானா, உங்கட வண்டிக்குள்ள கம்பியை விட்டா கம்பி உருகிரும்," என்றார் என் கணவர்.

"அது கிடக்கட்டும் மச்சான். அந்தா நிக்கிதே, நிலக்கரி எரிச்சிக் கரண்ட் எடுக்கிற இடத்துப் பெரிய புகைக்குழாய், அதுக்குக் கம்பி விட எந்த ஏணில ஏறுவானுகள்?" என்றார் நானா. நான் மகளோடு பின் சீட்டில் இருந்தேன். மகள் சிரித்துச் சிரித்து இருமினாள்.

எங்கள் பக்கத்து ஓட்டோக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு வருடமும் வண்டிப் பத்திரம் புதுப்பிப்பதற்குப் புகைச் சோதனையில் தேற வேண்டும். அதற்கு முதல் நாள் வண்டியைக் கராஜ் பாஸிடம் கொண்டுபோவார்கள். அவர் சைலன்சரைக் கழற்றிக் கரியைச் சுரண்டுவார், புதுப் பிளக் போடுவார், ஒயிலைக் குறைத்து நல்ல பெற்றோலை ஊற்றுவார். அப்படிச் செய்தால் வண்டி சோதனைக்குப் போய்வருகிற அளவுக்குப் புகையில்லாமல் ஓடும். அந்தக் குறைந்த ஒயிலோடு ஆட்களை ஏற்றி மணலில் ஓடினால் எஞ்சின் சூடேறி இறுகிவிடும். அதனால் சோதனை முடிந்ததும் பழையபடி ஒயிலை ஊற்றிவிடுவார்கள். இதை ஒருவரும் களவு என்று நினைத்ததில்லை. பெருநாளுக்குக் குளித்து வெளிக்கிடுவதைப்போல ஒரு காரியம் அது.

மைதானத்துக்குப் போவதற்கு முதல் நாளும் என் கணவர் பாஸிடம் போனார். திரும்பி வந்து, எஞ்சினை ஓட விட்டு, தன் வெள்ளைக் கைக்குட்டையைச் சைலன்சர் வாயில் பிடித்தார்.

"இஞ்ச வந்து பாருங்க. பூசைக்குக் கொண்டு போகலாம்!"

கைக்குட்டையில் ஒரு பொட்டுக் கறுப்பு இல்லை. நானும் சந்தோஷப்பட்டேன். அவருடைய சட்டையை இரண்டாம் தரமும் ஸ்திரிக்கை போட்டேன். நான் மன்னார்ப் பக்கத்தில் பிறந்து, சண்டைக்குள் வளர்ந்தவள். எந்தச் சோதனைச் சாவடியிலும் எங்களிடம் ஒரு குற்றமும் காணாதபடி எல்லாவற்றையும் மடித்து, துடைத்து, சரியாக்கி வைத்துக்கொண்டுதான் வரிசையில் நிற்போம். சண்டை முடிந்தும் அந்தப் பழக்கம் போகவில்லை. கையில் கோப்போடு ஒருவரைக் கண்டால் இன்றைக்கும் என் கை அடையாள அட்டையைத் தேடும். இந்தச் சோதனையில் தேறினால் என்ன நடக்கும், தேறாவிட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு மகளுக்குக் கிளினிக்கும் இருந்தது. மூன்று பேருமாகப் போனோம். அளந்தவர் நல்ல தமிழ் பேசும் சிங்களவர். கம்பியை விட்டார், மெஷினைப் பார்த்தார், திரும்பவும் பார்த்தார்.

"உங்கட வண்டி நல்லம்," என்றார்.

"தேங்க்ஸ் சேர்!" என் கணவரின் முகமெல்லாம் பல். திரும்பி எங்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "கையெழுத்து எங்க சேர் வைக்கிற?"

"என்னத்துக்கு?"

"புது வண்டிக்கு."

"அது புகை கூடின வண்டிக்குத்தானே தாறது. உங்கடது நல்லா இருக்கு. இன்னும் எத்தனையோ வருசம் ஓடலாம். இதைப் போய் ஏன் வெட்டிப் பழைய இரும்பாக்குவான்?"

என் கணவரின் சிரிப்பு உடனே போகவில்லை. வாய் சிரித்தபடி இருக்க, கண் மட்டும் மாறியது. அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

"சேர், இது உண்மையில்ல சேர். இது சோதனைக்காகச் செய்தது. நாளைக்கு வந்து பாருங்க, புகையில ஊரே தெரியாது. இந்தா என்ட பிள்ளை, இழுப்புக்காரி, இந்தப் புகையாலதான்..."

அந்த அதிகாரி பேனையை மூடினார். கோபப்படவில்லை. "அப்ப நீங்க வருசா வருசம் புகைச் சோதனையில ஏமாத்தித்தான் பத்திரம் எடுத்திருக்கிறீங்க. அப்படி நான் எழுதவா?"

என் கணவர் வாயைத் திறந்தார். நான் பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "வேண்டாம், வாங்கோ போவம்," என்றேன். எழுதவா என்று ஒருவர் கேட்டால் எழும்பிப் போய்விட வேண்டும் என்றுதான் என் உடம்புக்குத் தெரியும்.

நாங்கள் வண்டியைத் திருப்பும்போது வரிசையின் கடைசியில் எல்லோரும் இருமத் தொடங்கினார்கள். "யாரோ சாம்பிராணி போட்டுக்கிட்டு வாறான்," என்று ஒருவர் கத்தினார். நானா வந்துகொண்டிருந்தார். விடியற்காலை கண்டக்குழியில் இறால் ஏற்றி, மதுரங்குளியில் இறக்கிவிட்டு, கராஜுக்குப் போக நேரமில்லாமல் அப்படியே வந்திருந்தார். அவருக்குப் புது வண்டி கிடைத்தது.

பிறகு ஒரு நாள் அவர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. "எனக்கு வெக்கமா இரிக்கி தங்கச்சி," என்றார். "கழுவித் துடைச்சிப் போனவனுக்கு இல்ல, ஊத்தையோட போன எனக்குக் கிடைச்சிரிக்கி. பிள்ளைய நானே ஸ்கூலுக்கு ஏத்திட்டுப் போறன்." சொன்னபடி செய்தார். ஆனால் அவருக்கு நீண்ட தூர ஹயர் ஓட்டம் வந்தால் அன்றைக்கு மகள் தகப்பனின் வண்டியில்தான் போக வேண்டும். தகப்பன் உடுப்போடு கொண்டுவரும் புகையை ஒருவராலும் வாசலில் நிறுத்த முடியவில்லை.

திட்டத்தின் இரண்டாம் கட்டம் வரும் என்றார்கள். கிராம சேவகரிடம் போய்க் கேட்டுக்கொண்டே இருந்தோம். முதலில், "வரும்," என்றார். பிறகு, "மேலிடத்தில இருந்து கதையில்ல," என்றார். அதன் பிறகு எங்களைக் கண்டால் தானாகவே தலையை ஆட்டத் தொடங்கினார். திட்டம் அதோடு நின்றுபோனது.

அடுத்த சோளகத்தில் மகள் ஆஸ்பத்திரியில் படுத்து எழும்பிய பிறகு, சிலாபத்தில் இருக்கிற மாமி, என் கணவரின் அக்கா, அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். மகள் தேறினாள். ஓடுகிறாளாம், கயிறடிக்கிறாளாம். டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வந்தவளுக்கு மறுநாளே நெஞ்சில் விசில் கேட்டது. மாமி வந்து திரும்பக் கூட்டிக்கொண்டு போனார். அவள் போன பிறகு என் கணவர் அந்த வண்டியைக் காலால் உதைத்தார். பிறகு ஒயில் ஊற்றி ஹயருக்குப் போனார்.

நேற்று அவள் தொலைபேசியில் கதைத்தாள். தலவில் தேவாலயப் பெருநாள் வருகிறது. பெருநாளுக்குச் சனம் குவியும், ஓட்டோக்கள் விடிந்ததிலிருந்து ஓயாமல் ஓடும். எங்களுக்கு வருடத்தில் நல்ல உழைப்பு அந்த நாட்களில்தான்.

"அம்மா, பெருநாளுக்கு வரட்டா?"

"வேண்டாம் பிள்ளை. சரியான சனமாயிருக்கும்."

"மாமி வாறாவாம். அவவோட வந்து அண்டைக்கே திரும்பிருவன்."

"ஒரு நாளைக்கும் வேண்டாம்."

அவள் அழவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை. தொலைபேசியையும் வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது. ஒரு விசிலும் இல்லாத, தெளிந்த மூச்சு. என் பிள்ளை என்னிடம் இல்லாதபடியால் வருகிற மூச்சு. காதிலிருந்து அதை எடுக்க மனமில்லாமல் நின்றேன்.